குழாயில் தண்ணீர் குறைந்தால் சுவரை உடைக்க வேண்டுமா?

கேள்வி: ‘‘எங்கள் வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர்தான். சில மாதங்களாகக் குளியலறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. சுவரை உடைத்து பைப் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் பிளம்பர். கடலை விற்ற பணம் இன்னும் கைக்கு வரவில்லை. ஆசிட் ஊற்றினால் அடைப்பு போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதைச் செய்வது?’’
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இரண்டையும் உடனே செய்ய வேண்டாம். அடைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சுத்தியலைக் கையில் எடுக்க வேண்டும். அனுபவமுள்ள பிளம்பர்கள் குழாயிலிருந்து தொட்டியை நோக்கி, செலவில்லாத இடத்திலிருந்து செலவுள்ள இடத்துக்கு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

முதலில் ஒரு வாளியை எடுத்து, வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாயிலும் அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய் மட்டும் மெதுவாக வந்தால், கோளாறு அந்தக் குழாயில்தான். வெந்நீர் மட்டும் குறைந்தால் ஹீட்டரிலோ அதன் பைப்பிலோ உப்பு படிந்திருக்கிறது. சமையலறையில் நன்றாக வந்து, குளியலறை முழுவதும் குறைந்தால் அந்தக் கிளையின் வால்வைப் பார்க்க வேண்டும். வீடு முழுவதும் குறைந்தால் மேல்நிலைத் தொட்டியில் தொடங்க வேண்டும்.

குழாயின் வாயில் சிறிய சல்லடை இருந்தால், அதைக் கழற்றி இரவு முழுவதும் வினிகரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் உப்பு உதிர்ந்துவிடும். ஷவருக்கும் இதே முறைதான்.

அடுத்தது கேட் வால்வு. பல ஆண்டுகள் திருகாமல் கிடக்கும் வால்வில், பிடி சுற்றும். உள்ளே இருக்கும் தகடு மட்டும் மேலே எழாது. வெளியே திறந்தது போலத் தெரியும், உள்ளே பாதி மூடியிருக்கும். வால்வை மட்டும் மாற்றினால் போதும். சுவருக்கு வேலை இல்லை.

தொட்டியின் வெளியேற்றும் வாயில் சேறும் பாசியும் அடைத்திருக்கலாம். தொட்டி ஒருமுறை முழுதும் காலியான பிறகு தண்ணீர் குறைந்திருந்தால், பைப்பில் காற்று அடைத்திருக்க வாய்ப்புண்டு. தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில், தொட்டியைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாய் வைத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டுமே பைப்பைச் சந்தேகிக்க வேண்டும். 20 ஆண்டுகளுக்கு மேலான ஜி.ஐ. பைப்பாக இருந்தால் பிளம்பர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஓர் இணைப்பை மட்டும் கழற்றி உள்ளே பாருங்கள். துருவும் உப்பும் சேர்ந்து உள்விட்டம் பாதியாகியிருந்தால், தண்ணீர் போகும் வழி கால் பங்குதான் மிச்சம். அப்போதும் சுவரை உடைக்கத் தேவையில்லை. பழைய பைப்பை உள்ளேயே விட்டுவிட்டு, புதிய பைப்பைச் சுவரின் மேலேயே கிளிப் போட்டுக் கொண்டுபோகலாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது. ஆனால் டைல்ஸ் செலவும் கொத்தனார் கூலியும் மிச்சம், நாளை பழுது வந்தாலும் சுலபம். வெந்நீர் வரும் இடத்துக்கு சி.பி.வி.சி. பைப்தான் போட வேண்டும், சாதாரண பி.வி.சி. சூட்டில் வளைந்துவிடும்.

இனி ஆசிட். சொட்டுநீர்க் குழாய்களுக்கு அமிலச் சிகிச்சை செய்து பழகியவர்களுக்கு, வீட்டிலும் அதையே செய்தால் என்ன என்று தோன்றும். வயலில் அளவு பார்த்துக் கலந்து, பிறகு திறந்தவெளியில் அலசி விடுகிறோம். வீட்டில் அது ஜி.ஐ. பைப்பையும் குழாயின் பளபளப்பையும் டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமென்ட்டையும் சேர்த்து அரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. தொட்டி கழுவ பிளீச்சிங் பவுடரும், தரை கழுவ ஆசிட்டும் ஒரே குளியலறையில் இருக்கும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறிய அறையில் அது நுரையீரலைப் பாதிக்கும்; உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டையும் ஒரே நாளில் தொடாதீர்கள், ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அதேபோல் ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடவும் கூடாது. அழுத்தம் வெளியேற அது ஒன்றுதான் வழி.

மூல காரணம் தண்ணீரின் கடினத்தன்மை. குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். அளவு அதிகமாக இருந்தால் புதிய பைப்பிலும் வால்விலும் உப்பு படியத்தான் செய்யும். மழைநீரில் இந்த உப்பு கிட்டத்தட்ட இல்லை. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 1,000 லிட்டர். அதைத் தனித் தொட்டியில் சேர்த்து ஹீட்டருக்கும் குளியலறைக்கும் விட்டால், அந்த நாட்களில் பைப்பில் உப்பு ஏறாது.

இந்த வாரம் வாளியையும் கடிகாரத்தையும் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிளம்பரை அழைக்கும்போது அந்தக் கணக்கைக் காட்டினால், அவருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு குறையும்.