இரவு ஒன்பதரை மணிக்கு மேல்

தெலங்கானா அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மாண்புமிகு ஸ்ரீதர் பாபு அவர்களுக்கு,

சிகந்திராபாத் மாரேட்பள்ளியில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கிருகஸ்தன் தங்களுக்கு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

இந்நகரம் கணிப்பொறிக்குப் புதியதன்று. 1967 ஆம் ஆண்டில் ஈ.சி.ஐ.எல். என்னும் மின்னணு நிறுவனம் இங்கே தோன்றியதும், டி.டி.சி.-12 என்னும் சுதேசிக் கணிப்பொறி அந்நிறுவனத்தின் பெயரால் வெளிவந்ததும், பின்னர் 1998 நவம்பர் 22 அன்று பிரதமர் வாஜ்பாயி அவர்கள் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்து வைத்ததும், பாறையும் புதருமாய்க் கிடந்த அந்தப் பிரதேசம் எண்ணற்ற குடும்பங்களுக்கு ஜீவனமளிக்கும் ஸ்தலமாக மாறியதும் நன்றியோடு நினைக்கத்தக்க சங்கதிகள். என் மகனும் மருமகளும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் அடுப்பெரிவது அந்தத் தொழிலின் தயவால்தான். ஆகையால் அதன்மீது துவேஷம் கொண்டு எழுதுவதாகத் தாங்கள் கருதலாகாது.

நான் சொல்ல வந்தது இரவு நேரத்தைப் பற்றி. கலிபோர்னியாவில் காலை 9 மணிக்குக் கூடும் கூட்டம் கோடைக்காலத்தில் இங்கே இரவு 9:30க்குத் தொடங்குகிறது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டால், மார்ச் மாதம் வரையில் அதே கூட்டம் 10:30க்குப் போய்விடுகிறது. எங்கோ ஒரு தேசத்தில் குளிர்காலம் வருகிறதென்பதற்காக, குளிரே அதிகம் அறியாத எங்கள் வீட்டில் சாப்பாட்டு வேளையும் உறங்கும் வேளையும் இடம் மாறுகின்றன.

அந்த வேளையில் எங்கள் கூடத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும். சாப்பாட்டு மேஜையின் இரு முனைகளிலும் இரண்டு லேப்டாப்புகள். காதில் ஹெட்போனுடன் கணவனும் மனைவியும் தனித்தனிக் கண்டத்தாரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் தட்டு போட்டு மூடிய தயிர் சாதம். எட்டு வயதுப் பேத்தி மைக் திறந்திருக்கும்போது வாய் திறக்கக் கூடாதென்று தானே கற்றுக்கொண்டு, தாகமென்றால் கட்டை விரலை உதட்டருகே காட்டுகிறாள், கணக்கில் சந்தேகமென்றால் நோட்டுப் புத்தகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தாய் மியூட் பித்தானை அழுத்தி, இரண்டு வார்த்தையில் விடை சொல்லி, மறுபடியும் அழுத்தித் தன் சம்பாஷணைக்குத் திரும்புகிறாள். பெற்ற தாயிடம் ஒரு குழந்தை ஜாடையில் பேசும்படியான நிலையை எந்த அபிவிருத்திக் கணக்கும் ஈடுசெய்யாதென்பது என் திடமான அபிப்பிராயம்.

வேற்று தேசத்தாரோடு வியாபாரம் செய்தால் இது தவிர்க்க முடியாதென்பார்கள். அவ்வாறில்லை. அதே கூட்டத்தைக் கோடையில் கலிபோர்னியாவில் இரவு 8 மணிக்கு வைத்தால் இங்கே காலை 8:30. சிரமத்தை ஒரு வாரம் அவர்களும் ஒரு வாரம் நாமும் சுமப்பதற்குப் பூகோளம் தடையாக இல்லை. பணம் கொடுக்கும் பக்கத்தின் சௌகரியமே நியமமாகிவிட்டது, அவ்வளவுதான்.

தங்கள் அரசு 2025 ஜூலையில் பிறப்பித்த உத்தரவின்படி வணிக நிறுவனங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். பகலெல்லாம் ஆபீசில் உழைத்துவிட்டு வந்தவர்கள் சொந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேசும் இந்த இரவு மணிகளோ எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பிரான்ஸ் தேசம் 2017 முதலும் ஆஸ்திரேலியா 2024 முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புகளிலிருந்து ஊழியரைக் காக்கச் சட்டம் செய்திருக்கின்றன. நம் மக்களவையில் 2018 டிசம்பரில் சுப்ரியா சுலே அம்மையார் இதற்கென ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. டில்லி செய்யட்டுமென்று ஹைதராபாத் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தத் தொழிலை இங்கே வரவழைப்பதில் முந்திக்கொண்ட ராஜதானி, அதில் உழைப்போரைப் பரிபாலிப்பதிலும் முந்திக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்து பேசும் இரவுக் கூட்டங்களும் வேலை நேரமாகவே கணக்கில் ஏற வேண்டும். வர இயலாதென்று சொன்னவருடைய அப்ரைசலில் அதற்காகக் கை வைக்கக் கூடாது. இரவு முறையைக் கடலுக்கு இருபுறத்தாரும் மாறி மாறி ஏற்க வேண்டும். கம்பெனிகளின் பிரதிநிதிகளைத் தாங்கள் அடிக்கடி சந்திக்கிறீர்கள். அவர்களை ஒருமுறை இதற்கென்றே அழைத்துப் பேசி, வரும் நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் மாறுவதற்கு முன்பாகத் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாரேட்பள்ளிவாசி ஒருவன்