"ராத்திரி 9 மணிக்கு ஏன் வெளியே வந்தா?" கைதி மட்டுமா கேட்டான்?

டெல்லியில் 2012 டிசம்பர் 16-ந் தேதி ராத்திரி, ஓடும் பஸ்சில் 23 வயது பிசியோதெரபி மாணவியை 6 பேர் கும்பல் பலாத்காரம் செய்தது. சினிமா பார்த்துவிட்டு நண்பருடன் வீடு திரும்பியவர் அவர். 13 நாள் உயிருக்குப் போராடி சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். நாடே கொதித்தது.

இந்த கொடுமை பற்றி லெஸ்லி உட்வின் என்ற இங்கிலாந்து பெண் டைரக்டர் 'இந்தியாவின் மகள்' என்று டாகுமெண்டரி படம் எடுத்தார். திகார் ஜெயிலுக்கே போய் முகேஷ் சிங் என்ற தூக்கு கைதியிடம் பேட்டி எடுத்திருந்தார். கொஞ்சமும் வருத்தம் இல்லாமல் அவன் பேசினான். பலாத்காரத்துக்கு ஆணை விட பெண்ணே அதிக பொறுப்பாம். நல்ல பொண்ணு ராத்திரி 9 மணிக்கு சுத்த மாட்டாளாம். எதிர்த்து போராடாம இருந்திருந்தா விட்டிருப்பாங்களாம்!

படத்தில் குற்றவாளிகளின் குடிசைப் பகுதியையும் காட்டுகிறார்கள். பார்க்கிறவங்களுக்கு 'ஏழைப் பசங்க புத்தியே இப்படித்தான்' என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்க. அடுத்து வருகிறார்கள் வக்கீல்கள்.

குற்றவாளிகள் தரப்பு வக்கீல் எம்.எல்.சர்மா, நம்ம கலாசாரம்தான் சிறந்தது, அதில் பெண்ணுக்கு இடமே இல்லை என்கிறார். இன்னொரு வக்கீல் ஏ.பி.சிங் சொன்னது அதை விட அதிர்ச்சி. தன் மகளோ தங்கச்சியோ கல்யாணத்துக்கு முன்னாடி தப்பு செய்தால், குடும்பத்தார் முன்னாடியே பெட்ரோல் ஊற்றி எரிப்பாராம். கைதிக்கு படிப்பு இல்லை, சரி. கருப்பு கோட்டுக்கு என்ன பஞ்சம்?

2015 மார்ச் 8 மகளிர் தினத்தன்று டி.வி.யில் காட்டுவதாக இருந்த படத்துக்கு டெல்லி கோர்ட்டு தடை போட்டது. அப்பீல் வழக்கு அப்போது சுப்ரீம் கோர்ட்டில் இருந்ததால், அதைக் காரணம் காட்டினவங்க பேச்சில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் பார்லிமெண்டில் போன கதையே வேறு. இந்தியா பெயரைக் கெடுக்க சதி என்றார் மந்திரி வெங்கையா நாயுடு. மானம் போச்சேன்னு கவலை!

ராஜ்யசபாவில் எம்.பி. அனு ஆகா மட்டும் நேரா கேட்டார். அவன் சொன்னதுதான் நாட்டில் பல ஆம்பளைங்க நினைப்பு, அதைப் பார்க்க ஏன் பயப்படுறோம் என்று. கவிஞர் ஜாவேத் அக்தரும் விடவில்லை. தாங்களும் பலாத்காரம் செய்தவன் மாதிரியே நினைக்கிறோம் என்று கோடிக்கணக்கான ஆண்களுக்கு இந்தப் படம் காட்டும் என்றார்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். 'கற்பழிப்பு' என்றுதானே தமிழ் பேப்பர்களிலும் வருஷக்கணக்கா அச்சடித்தார்கள்? குற்றம் செய்தது அவன். அழிந்தது மட்டும் அவள் கற்பா?

முகேஷ் சிங் உள்பட 4 பேரும் 2020 மார்ச் 20-ந் தேதி திகார் ஜெயிலில் தூக்கில் போடப்பட்டார்கள். 9 மணி கேள்வியை யாரும் தூக்கில் போடவில்லை. அந்த மாணவி ராத்திரி ஷிப்டில் கால்சென்டர் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். மகள் படிப்புக்காக அப்பா சொந்த நிலத்தை விற்றார். அவர் பிறந்தப்போ பெற்றோர் ஊருக்கு இனிப்பு கொடுத்தார்கள். வாங்கிக்கிட்டவங்க சொன்னதை அம்மா படத்தில் சொல்கிறார்: ஆம்பள புள்ள பொறந்த மாதிரி கொண்டாடுறீங்களே என்றார்களாம்.