கூச்சத்தை விடுங்கள், சர்க்கரையைப் பாருங்கள்!

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறுகிறவர்கள் பெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு காகிதங்களைப் பார்த்திருப்பார்கள். ஆண்மைக் குறைவை ரகசியமாகத் தீர்த்து வைப்பதாகச் சொல்லும் விளம்பரங்கள் அவை. இப்படி விளம்பரம் செய்யலாகாதென்று 1954-லேயே மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. இருந்தும் வியாபாரம் நடக்கிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சம், குடும்ப டாக்டரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். இந்தக் கூச்சமே இவர்களுக்கு மூலதனம்!

இந்தக் குறை எப்படி வருகிறது? விறைப்பு உண்டாக நரம்புகள் நன்றாக வேலை செய்ய வேண்டும். இரத்தமும் தடையின்றிப் பாய வேண்டும். நீரிழிவு இரண்டையும் கெடுக்கிறது. இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, தொந்தி, சிகரெட் ஆகியவை இரத்தக் குழாய்களைப் பாழ்படுத்துகின்றன. மிதமிஞ்சிய குடி, ஓயாத கவலை, தூக்கமின்மை இவற்றுக்கும் பங்கு உண்டு.

சென்னைக்கு நீரிழிவு புதிதல்ல. 1948-லேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, தேசத்தில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேர்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆணுறுப்புக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இருதயத்துக்குச் செல்பவற்றைவிடச் சிறியவை. ஆகையால் அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். சில வருஷங்கள் கழித்து மாரடைப்பாக வரலாம். உடம்பு முன்கூட்டியே எச்சரிக்கை மணி அடிக்கிறது. லேகியக்காரரைத் தேடிப் போகிறவர் தம் காதைப் பொத்திக்கொள்கிறார்.

1998-ல் வந்த வயாகரா பலருக்குப் பலன் தருகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது.

செய்ய வேண்டியது என்ன? சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதியுங்கள். மயிலாப்பூர், தியாகராய நகர்வாசிகளுக்கு ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரி அருகிலேயே இருக்கிறது. சிகரெட்டை விடுங்கள். நாகேசுவரராவ் பூங்காவிலோ அடையாற்றுக்காரர்கள் எலியட்ஸ் கடற்கரையிலோ தினமும் அரை மணி வேகமாக நடக்கலாம், செலவில்லாத வைத்தியம். மனைவிமாரும் இதைக் கேலியாக எண்ணாமல் கணவரை டாக்டரிடம் அழைத்துச் செல்லவேண்டும். காப்பாற்றப்படுவது தாம்பத்தியம் மட்டுமல்ல, அவர் உயிராகவும் இருக்கலாம்.