பின்பேக்கர் திடீரென்று முளைத்தவன் அல்ல

டேனி பாயில் இயக்கிய ‘சன்ஷைன்’ (2007) படத்தைப் பார்த்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் வரும்: ‘முதல் பாதி பிரமாதம், செகண்ட் ஹாஃப் சொதப்பல்.’ விண்வெளி, தனிமை, சூரியன் என்று ஆழமாகப் போய்க்கொண்டிருந்த படம், கடைசி அரை மணி நேரத்தில் கத்தியோடு அலையும் ஒரு பைத்தியக்காரன் கதையாகிவிட்டதாம். படம் பிடிக்காதவர்கள் இப்படிச் சொன்னால் பரவாயில்லை. உயிராக நேசிப்பவர்களும் இதையே மன்னிப்புக் கேட்கும் தொனியில் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகப் படவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதை. 2057. சூரியன் அணைந்துகொண்டிருக்கிறது, பூமி உறைந்துகொண்டிருக்கிறது. சூரியனை மறுபடி பற்றவைக்கப் போன இக்காரஸ் 1 ஏழு வருடங்களுக்கு முன் காணாமல் போனது. இப்போது எட்டுப் பேரோடு, மன்ஹாட்டன் தீவின் நிறை கொண்ட ஒரு குண்டைச் சுமந்துகொண்டு இக்காரஸ் 2 போகிறது. புதன் கோளின் அருகே பழைய கப்பலின் சமிக்ஞை கேட்கிறது. அதை நோக்கித் திரும்புகிறார்கள். அதிலிருந்து எல்லாம் சரிகிறது. பழைய கப்பலின் கேப்டன் பின்பேக்கர், உடல் முழுக்க வெந்துபோன நிலையில், இன்னும் உயிரோடு இருக்கிறான். மனித இனம் அழிவது கடவுளின் விருப்பம் என்று நம்புகிறான்.

அவன் எங்கிருந்தோ வந்து குதித்தான் என்பது முதல் குற்றச்சாட்டு. படத்தின் ஆரம்பக் காட்சியைக் கவனியுங்கள். கப்பலின் மருத்துவர் சியர்ல் (கிளிஃப் கர்ட்டிஸ்) கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சூரியனைப் பார்க்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறார். முழு வெளிச்சத்தில் 2 சதவீதம்தான் உள்ளே விடப்பட்டிருக்கிறது. 4 சதவீதம் கேட்கிறார். விழித்திரை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்கிறது கப்பலின் கணினி. ஆனால் 3.1 சதவீதத்தை 30 விநாடி பார்க்கலாமாம். சரி, அதைக் கொடு என்கிறார். திரை பொன்னாகப் பற்றி எரிகிறது. மனிதர் பின்னால் சாய்ந்துபோகிறார். மற்றவர்களின் மனநலத்தைக் கவனிக்க வேண்டியவர், வெளிச்சத்துக்குப் பேரம் பேசி வாங்கும் ஆளாக இருக்கிறார்.

அதன்பின் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு தடவை வரும்போதும் தோல் இன்னும் கொஞ்சம் கருகி, உரிந்திருக்கும். வெப்பக்கவசத்தைச் சரிசெய்யப் போன கேப்டன் கனேடா வெளியே எரிந்து சாகும் கணத்தில், மற்றவர்கள் திரும்பி வரச் சொல்லிக் கத்துகிறார்கள். சியர்ல் மட்டும், உனக்கு என்ன தெரிகிறது, என்ன தெரிகிறது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். சாகும் நண்பனிடம் கேட்கிற கேள்வியா அது? கடைசியில் பழைய கப்பலில் சிக்கிக்கொண்டபோது, கருகிக் கிடக்கும் முந்தைய குழுவினர் நடுவே போய் உட்கார்ந்து, முழு வெளிச்சத்துக்கு முகம் கொடுக்கிறார்.

சியர்லுக்கு ஏழு வருட அவகாசம் கொடுத்திருந்தால் யாராக ஆகியிருப்பார் என்பதற்குப் படம் தரும் விடைதான் பின்பேக்கர். குண்டுக்குப் பொறுப்பான இயற்பியலாளன் காப்பாவும் (கிலியன் மர்ஃபி) தப்பவில்லை. கண்ணை மூடினால் வருவது சூரியனுக்குள் விழும் கனவு ஒன்றுதான் என்கிறான். கனேடா உயிரோடிருந்தபோது பின்பேக்கரின் பழைய வீடியோப் பதிவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அவன் முகமும் குரலும் ஆரம்பத்திலேயே கப்பலுக்குள் வந்துவிட்டன.

அடுத்தது, அறிவியல் புனைவாகத் தொடங்கிய படம் திகில் படமாகத் தடம் புரண்டுவிட்டது என்பது. இந்த இரண்டும் தனித்தனித் தடங்களாக எப்போது இருந்தன? பின்பேக்கர் என்ற பெயரே ஒரு வணக்கம். ஜான் கார்பென்டரின் ‘டார்க் ஸ்டார்’ (1974) படத்தில் பின்பேக் என்று ஒரு பாத்திரம். அதில் நடித்து, கார்பென்டரோடு சேர்ந்து எழுதியவர் டான் ஓ’பேனன். ஐந்து வருடம் கழித்து ‘ஏலியன்’ எழுதியவரும் அவரேதான். ‘டார்க் ஸ்டார்’ முடிவில், பேசும் வெடிகுண்டு ஒன்று தன்னையே கடவுளாக நினைத்துக்கொண்டு, ஒளி உண்டாகட்டும் என்று சொல்லி வெடிக்கிறது. அங்கே அது நகைச்சுவை. அதையே சிரிக்காமல் எடுத்தால் ‘சன்ஷைன்’ படத்தின் கடைசி அரை மணி நேரம் கிடைக்கும். அலெக்ஸ் கார்லண்ட் எழுதிய இந்தக் கதையில் குண்டும் கடவுளும் வெளிச்சமும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டியவை.

ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்தரப்போடு ஒத்துப்போகிறேன். இக்காரஸ் 2-இன் எரிந்துபோன ஆக்ஸிஜன் தோட்டத்தில், அதைப் பராமரித்த கொரஸோன் ஒரு பச்சைத் தளிரைக் கண்டுபிடித்து முகம் மலரும்போது, பின்பேக்கர் பின்னாலிருந்து குத்துகிறான். கல்லூரி விடுதிக் கொலைப் படங்களில் தேய்ந்துபோன உத்தி அது. வெளிச்சத்தையே ஆயுதமாக வைத்திருக்கிற ஒருவன் கையில் கத்தி எதற்கு?

பின்பேக்கர் வரும் காட்சிகள் மங்கி, நடுங்கி, எதுவும் தெரியவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. குறையை மறைக்கச் செய்த வேலை என்கிறார்கள். பின்பேக்கராக நடித்த மார்க் ஸ்ட்ராங்குக்கு உடல் முழுக்கத் தீக்காய ஒப்பனை போட்டுவிட்டு அதைத் தெளிவாகக் காட்டாமல் விட்டது வேண்டுமென்றே செய்ததுதான். வெயிலைப் பார்த்துவிட்டு இருட்டான வீட்டுக்குள் நுழைந்தால் எதிரில் இருப்பவர் எப்படித் தெரிவார்? கப்பலுக்குள் சாம்பலும் நீலமுமாகவே பார்த்துப் பழகிய கண், சூரியனை நேராகப் பார்த்தே வாழ்ந்தவனைச் சந்திக்கும்போது கூசத்தான் வேண்டும். 3.1 சதவீதத்துக்கு மேல் தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

அறிவியல் ஓட்டைகளைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. சூரியனுக்கு இன்னும் சுமார் 500 கோடி வருட ஆயுள் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். படத்துக்கு ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் பிரையன் காக்ஸ், சூரியன் முன்கூட்டியே அணைவதற்கென்று ஒரு கற்பனைக் காரணமும் யோசித்துக் கொடுத்தார். படம் அதைச் சொல்லாமல் விட்டதே நல்லது. பின்பேக்கர் ஏழு வருடம் எப்படி உயிர் பிழைத்தான் என்கிறார்களே, இக்காரஸ் 1-இன் ஆக்ஸிஜன் தோட்டம் காடாக மண்டிக் கிடப்பதை ஏன் காட்டினார்கள் என்று நினைக்கிறார்கள்? தோல் வெந்தவன் மருந்தில்லாமல் ஏழு வருடம் தாங்கமாட்டான் என்பது நியாயமான கேள்வி. பழைய கப்பலிலிருந்து திரும்பும்போது விண்வெளி உடையில்லாமல் வெற்றிடத்தைத் தாண்டுவது அபத்தம் என்பது அப்படியல்ல. 1966-இல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்பவரின் உடையில் காற்று கசிந்தது. சுமார் 14 விநாடியில் நினைவிழந்தார். நாக்கில் எச்சில் கொதித்தது கடைசியாக நினைவிருந்ததாம். பிழைத்துக்கொண்டார். படத்தில் தவறு, அப்படித் தாண்டும்போது குழுவில் ஒருவனான ஹார்வி சட்டென்று உறைந்து நொறுங்குவதுதான். வெற்றிடத்தில் உடல் சூடு அவ்வளவு வேகமாகப் போகாது.

பயிற்சி பெற்ற விஞ்ஞானிகள் இவ்வளவு முட்டாளாக நடப்பார்களா என்பதும் அடிக்கடி கேட்பது. பழைய கப்பலை நோக்கிப் பாதையை மாற்றிய ட்ரே, வெப்பக்கவசத்தின் கோணத்தை மாற்ற மறந்துவிட்டானே! 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போன ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ கலம் தொலைந்ததற்குக் காரணம், ஒரு குழு பவுண்டு அளவையிலும் இன்னொரு குழு மெட்ரிக் அளவையிலும் கணக்குப் போட்டதுதான். அவர்கள் பூமியில், அலுவலகத்தில், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு செய்த தவறு அது. ட்ரே 16 மாதமாக ஒரு தகரக் குழாய்க்குள் இருப்பவன். பாதை மாற்றமும் யாருடைய ஆசையிலும் எடுத்த முடிவல்ல. முன்கூட்டிச் சோதிக்கவே முடியாத குண்டு. ஒன்றுக்கு இரண்டு இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது காப்பாவின் கணக்கு. கப்பலின் பொறியாளன் மேஸ் அப்போதே எதிர்த்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

பின்பேக்கரே இல்லாமல், நல்லவர்கள் ஒவ்வொருவராகத் தியாகம் செய்து முடிந்திருந்தால் படம் உயர்ந்திருக்கும் என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கொலை கப்பலுக்குள் வந்தது அவன் காலடி எடுத்து வைத்ததால் என்று நினைக்கிறீர்கள். அவன் இருப்பதே யாருக்கும் தெரியாத நேரத்தில், ஆக்ஸிஜன் நாலு பேருக்குத்தான் என்று கணக்குப் பார்த்து, ட்ரேயைக் கொல்வதா என்று ஓட்டெடுத்தவர்கள் நம்முடைய நல்லவர்கள்தான். கப்பலை ஓட்டும் கேஸி மட்டும், உங்கள் தர்க்கம் புரிகிறது, என் ஓட்டு கிடையாது என்று மறுத்தாள். மேஸ் அதற்குப் பிறகும் ட்ரேயைத் தேடிப் போனான். ட்ரே அதற்குள் தானே உயிரை விட்டிருந்ததால் மேஸின் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகுதான் காப்பா கணினியிடம் ஆக்ஸிஜன் கணக்கை மறுபடி கேட்கிறான். கப்பலில் ஐந்து பேர் இருப்பதாக அது சொல்கிறது.