சீஸ் ஓட்டையும் பிரட் பாக்கெட்டின் 282-ம்

பிரட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாம் வகைப் பதப்படுத்தி என்று பொடி எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே 282 என்று ஓர் எண் இருக்கும். அது கால்சியம் புரோப்பியோனேட், அதாவது புரோப்பியானிக் அமிலத்தின் உப்பு. பார்த்தவுடன் "ஐயோ, கெமிக்கல்!" என்று அலறுபவர்கள் உண்டு. அலறத் தேவையில்லை என்பதே என் கருத்து. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

சுவிட்சர்லாந்தின் எமென்டால் சீஸில் பெரிய பெரிய ஓட்டைகள் இருக்குமல்லவா, அதைப் போடுவது புரோப்பியோனிபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி. பாலின் சர்க்கரையை வேறு பாக்டீரியாக்கள் முதலில் லாக்டிக் அமிலமாக மாற்றி வைத்துவிடும். பிறகு சீஸை 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பான அறையில் சில வாரங்கள் வைப்பார்கள். அப்போதுதான் நம்ம ஆள் விழித்துக்கொள்வார்! 3 மூலக்கூறு லாக்டிக் அமிலத்தைத் தின்றுவிட்டு 2 புரோப்பியானிக் அமிலம், 1 அசிட்டிக் அமிலம், 1 கார்பன் டை ஆக்சைடு கொடுப்பார். வாயு சீஸுக்குள் சிக்கி ஓட்டையாகிறது. அமிலம் சுவையாகிறது. ஆக, சீஸில் ரசித்துச் சாப்பிடும் அதே பொருளைத்தான் பிரட்டில் பார்த்துப் பயப்படுகிறோம்.

இந்த பாக்டீரியாவை 1930களில் அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ந்த ஹார்லண்ட் உட், செஸ்டர் வெர்க்மேன் இருவரும் இன்னொரு அதிசயத்தையும் கண்டார்கள். தாவரங்களும் சில தனி வகை பாக்டீரியாக்களும் மட்டுமே கார்பன் டை ஆக்சைடை உடலில் சேர்க்கும் என்று நம்பிய காலம் அது. இதுவும் சேர்க்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அமிலம் உருவாகும் சுழற்சிக்கு இன்றும் அவர்கள் பெயர்தான்.

பிரட்டில் பூஞ்சையைத் தடுப்பது, ஈஸ்ட்டை அதிகம் தொந்தரவு செய்யாமலிருப்பது, ஈரமான தானியத்தையும் கால்நடைத் தீவனத்தையும் காப்பது, களைக்கொல்லி, வாசனைப் பொருள், செல்லுலோஸ் பிளாஸ்டிக் என்று இந்த அமிலத்துக்கு ஏகப்பட்ட வேலை. ஆனால் ஆலைகளில் பெரும்பாலும் பெட்ரோலிய எத்திலீனிலிருந்தே தயாரிக்கிறார்கள். காரணம், பாக்டீரியா மெதுவாக வளரும். போதாக்குறைக்கு, தான் சுரக்கும் அமிலமே அதன் கழுத்தை நெரிக்கும். கரைசல் நீர்த்தே இருக்கும், பிரித்தெடுக்கச் செலவு அதிகம்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வெளிநாடுகளில் சில நிறுவனங்கள் எண்ணைப் போடாமல் "நொதித்த கோதுமை மாவு" என்று எழுதிவிட்டு, இயற்கை என்று விற்கின்றன. உள்ளே வேலை செய்வது அதே புரோப்பியோனேட்! மூலக்கூறில் வித்தியாசமே கிடையாது. வித்தியாசம், அதன் கார்பன் எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா, வயலிலிருந்து வந்ததா என்பதில்தான். அதை எந்தப் பாக்கெட்டும் சொல்வதில்லை.

பயோடீசல் ஆலையில் மிஞ்சும் கிளிசராலை இந்த பாக்டீரியாவுக்குக் கொடுத்தால் அசிட்டிக் அமிலம் மிகக் குறைவாகவே வரும், பிரிப்பதும் சுலபமாகும். சீஸ் ஆலையில் மிஞ்சும் தெளிநீரையும் தின்னும். ஆராய்ச்சிப் பணத்தை லேபிளுக்குப் புதுப்பெயர் தேடுவதில் போடாமல் இதில் போடலாமே?