ஸ்டென்ட் மோசடியல்ல, அதை விற்கும் முறையே மோசடி

"ஆஞ்சியோபிளாஸ்டி என்பதே கார்ப்பரேட் கொள்ளை. அடைப்பு என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்கள். பத்தியமும் மாத்திரையும் போதும்." வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி வட்டாரங்களில் நம் தோழர்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்க முடிகிறது. பேசுகிறவர்களைக் குறை கூற இயலாது. தனியார் மருத்துவமனைக்குப் போய், தென்னந்தோப்பை அடகு வைத்துத் திரும்பிய குடும்பங்களை அவர்கள் அறிவார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து அவர்கள் வந்தடையும் முடிவு தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி முழுமையாக அடைபடுவது இரண்டு விதங்களில் நிகழ்கிறது. முதலாவது திடீர் அடைப்பு. உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கிறது. அதன்மேல் ரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் ஓட்டம் நின்றுவிடுகிறது. கடும் மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதுதான். அந்நேரம் முதல் நிமிடத்துக்கு நிமிடம் தசை மடிகிறது. மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மயிரிழை போன்ற கம்பியால் உறைகட்டியைக் கடந்து, பலூனை விரித்து, ஸ்டென்ட் பொருத்தினால் ஓட்டம் மீள்கிறது. 23 ஆய்வுகளில் சேர்க்கப்பட்ட 7,739 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2003இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. உறைவைக் கரைக்கும் ஊசி பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் குறுகிய காலத்துக்குள் இறந்தனர். குழாய்வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 7 சதவீதம். மாரடைப்பு மீண்டும் வந்தது முதல் பிரிவில் 7 சதவீதம், இரண்டாவதில் 3. நூறு பேரில் இரண்டு உயிர் என்பது சிறிய கணக்காகத் தோன்றலாம். மாரடைப்பு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோரைத் தாக்கும் நாட்டில் அது சிறிய கணக்கன்று.

இரண்டாவது, மூன்று மாதங்களுக்கும் மேலாக முழுமையாக அடைபட்டுக் கிடக்கும் பழைய அடைப்பு. பக்கத்துக் கிளைக் குழாய்கள் கொஞ்சம் ரத்தத்தைத் திருப்பி விடுவதால் தசை உயிரோடு இருக்கும். ஆனால் உழைப்புக்குத் தேவையான ரத்தம் கிடைக்காது. மேடு ஏறினால் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். இறுகிப்போன இத்தகைய அடைப்பைத் திறப்பது கடினமான வேலை. பல மணி நேரம் பிடிக்கும். சில வேளைகளில் கிளைக் குழாய் வழியாகப் பின்பக்கமிருந்து கம்பியைக் கொண்டுவர வேண்டும். குழாய் துளைபடும் அபாயமும் உண்டு. பலன் என்ன? ஐரோப்பாவில் 396 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு, மாத்திரை மட்டும் பெற்றவர்களைவிட, அடைப்பு திறக்கப்பட்டவர்களுக்கு நெஞ்சுவலி குறைந்ததையும் அன்றாட வாழ்க்கை மேம்பட்டதையும் காட்டியது. தென்கொரியா தலைமையில் 834 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, மரண விகிதத்தில் வேறுபாடு எதையும் காணவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். "இன்றே ஸ்டென்ட் வைக்காவிட்டால் இரவு தாண்டாது" என்று பழைய அடைப்பைக் காட்டி மிரட்டுபவர் பொய் சொல்கிறார். "மாத்திரை போதும்" என்று எல்லோருக்கும் சொல்பவரும் தவறு செய்கிறார். மாத்திரைக்கு அடங்காத வலியோடு மேசையருகே அமர்ந்து வேலை செய்பவர் ஓரளவு சமாளிக்கலாம். சித்தூர் தாலுகாவில் தென்னை மரமேறிக் கள் இறக்கும் தொழிலாளியால் முடியுமா? அவருக்கு நெஞ்சுவலி இல்லாத உடல் என்பது கூலி. அடுப்பில் ஏறும் உலை.

இந்த மருத்துவத்தைக் கார்ப்பரேட்டுகளின் கண்டுபிடிப்பு என்று சொல்வது வரலாற்றுக்கும் பொருந்தாது. அடைபட்ட இதயத் தமனிக்குள் குழாய் வழியே உறைவு கரைக்கும் மருந்தைச் செலுத்திய முன்னோடிகளுள் சோவியத் மருத்துவர் யெவ்கெனி சாசோவ் ஒருவர். 1970களின் நடுவில், மாஸ்கோவில், பொதுச் சுகாதார அமைப்புக்குள் நடந்த பணி அது. பின்னர் சோவியத் சுகாதார அமைச்சரானவரும், 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அணுயுத்த எதிர்ப்பு மருத்துவர் அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவரும் அவரே. 1977 செப்டம்பரில் சூரிச்சில் முதல் பலூன் சிகிச்சையைச் செய்த ஆந்திரியாஸ் குருயன்சிக் தம் பலூன்களைச் சமையலறை மேசையில் ஒட்டிச் செய்தவர். (கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் என்பதால் அவர் பங்களிப்பை நாம் மறைக்க வேண்டியதில்லை.) வணிகம் பின்னால் வந்து கைப்பற்றியது.

எவ்வளவு கைப்பற்றியது என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு உண்டு. மருந்து பூசிய ஸ்டென்ட் சராசரியாக 1.21 லட்சம் ரூபாய்க்கு விற்கப்பட்டது. நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்ட பிறகே, 2017 பிப்ரவரியில் அதன் உச்சவிலை 29,600 ரூபாயாகவும் சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மருத்துவமனை மட்டத்தில் லாபம் 650 சதவீதம் வரை போனதைத் தேசிய மருந்து விலை ஆணையமே வெளியிட்டது. உடனே சில பன்னாட்டு நிறுவனங்கள் தம் உயர்ரக ஸ்டென்ட்களை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன. அமெரிக்க மருத்துவக் கருவி நிறுவனங்களின் சங்கம் தன் அரசிடம் முறையிட்டது. 2019 ஜூனில் டிரம்ப் நிர்வாகம் இந்தியாவுக்கான ஏற்றுமதி வரிச்சலுகையை ரத்து செய்ததன் பின்னணியில் அந்த முறையீடும் இருந்தது. இங்கோ கம்பி, பலூன், வழிகாட்டிக் குழாய் ஆகியவற்றுக்கு ஸ்டென்ட்டைப் போன்ற உச்சவிலை இல்லை. பழைய அடைப்பைத் திறக்க இவைதான் அதிகம் செலவாகின்றன. ஸ்டென்ட்டில் விட்டதை இவற்றில் பிடிக்கிறார்கள்.

இனி வேலந்தாவளத்துக்கு வருவோம். ஜிஎஸ்டி வந்தபின் 2017இல் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. சரக்கு லாரி தடையின்றிப் போகிறது. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும் தொழிலாளிக்கு மட்டும் எல்லை அப்படியே நிற்கிறது. க.க.சாவடி வழியே கோவைக்குப் போவதா, சித்தூர் வழியே பாலக்காட்டுக்கா? எந்தக் காப்பீட்டு அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும்? எந்த ஆம்புலன்ஸ் எல்லையைக் கடக்கும்? இந்த விசாரணையிலேயே தசை செத்துவிடும். இடுக்கித் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர்களுக்கு மலைப்பாதையும் சேர்ந்துகொள்கிறது.

இதைச் சரிசெய்ய முடியும் என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. 2012 முதல் 2014 வரை கோவை உள்ளிட்ட நான்கு தொகுதிகளில் தமிழ்நாட்டில் ஒரு திட்டம் செயல்படுத்தப்பட்டது. சிறிய மருத்துவமனையிலேயே இசிஜி எடுத்து, தேவையானால் கரைக்கும் ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸில் கேத் லேப் உள்ள மையத்துக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளிகளில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அமைப்பு சரியாக்கப்பட்டது, அவ்வளவுதான்.

நம் பக்கத்தையும் பேச வேண்டும். கேரளத்தின் காருண்யா திட்டத்தில் ஏறக்குறைய 42 லட்சம் குடும்பங்கள் உள்ளன. ஒன்றிய அரசு பங்கு தருவதோ இவற்றில் ஏறக்குறைய பாதிக்கு மட்டுமே. மாநிலத்தின் கடன் வரம்பையும் அது நெரித்தது. இவை உண்மை. ஆயினும் 2025 செப்டம்பரில், நூறு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிலுவையைக் காட்டி, விநியோகஸ்தர்கள் அரசு மருத்துவமனைகளுக்கு இதயச் சிகிச்சைக் கருவிகள் தருவதை நிறுத்தியபோது, அறுவை மேசைக்குக் காத்திருந்த ஏழைக்கு நாம் என்ன விளக்கம் தர முடிந்தது? நிதி நெருக்கடியிலும் எதை முதலில் கொடுப்பது என்பது அரசியல் முடிவே.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டிலேயே செயற்கை இதய வால்வை உருவாக்கியது. 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகிறது. அதே நகரில் எச்.எல்.எல். லைஃப்கேர் என்னும் பொதுத்துறை நிறுவனம் உள்ளது. ஒன்றிய அரசு அதை விற்க 2021இல் விருப்பக் கோரிக்கை வெளியிட்டது. ஸ்டென்ட்டும் கம்பியும் பலூனும் பொதுத்துறையில் செய்யப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்கான அடித்தளம் இது. கம்பிக்கும் பலூனுக்கும் உச்சவிலை, எல்லையோர மக்களுக்கு இரு மாநில அரசு மருத்துவமனைகளிலும் அட்டை கேளாத அவசரச் சிகிச்சை, எல்லை தாண்டும் 108 ஆம்புலன்ஸ், பழைய அடைப்புக்குச் சிகிச்சை முடிவை ஒரே மருத்துவரிடம் விடாமல் மருத்துவர் குழுவிடம் ஒப்படைத்தல்: இவற்றை எல்லையின் இரு பக்கக் கிளைகளும் ஒரே மனுவாக எழுத வேண்டும். மனு தயாராகும் வரை ஒவ்வொரு கிளையும் ஒரு சிறு வேலையை முடிக்கலாம். தம் ஊரிலிருந்து இரவு எந்நேரமும் இயங்கும் மிக அருகிலுள்ள கேத் லேப் எது, இசிஜி எடுக்கும் அரசு மருத்துவமனை எது என்று விசாரித்து, தொலைபேசி எண்களோடு தேநீர்க் கடைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.