ஒரு முறை காட்டிய அடையாளம் போதாதா?

சம்பா நடவு முடிந்து மேலுரம் போட வேண்டிய நேரம். காவிரிப் பாசனப் பகுதியில் இரண்டு ஏக்கர் சாகுபடி செய்யும் ஒரு சிறு விவசாயியை எடுத்துக் கொள்ளலாம். பயிர்க்கடன் கூட்டுறவில் வாங்கியிருக்கிறார். அது போதாமல் வீட்டு நகையை ஓர் அரசுடைமை வங்கியில் அடகு வைத்திருக்கிறார். பிரதமர் விவசாயிகள் உதவித் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும் 6,000 ரூபாய் வேறொரு வங்கிக் கணக்கில் சேருகிறது. மாடு இருந்தால் பால் பணத்துக்கு ஒரு கணக்கு, கரும்பு போட்டால் ஆலை சொல்லும் வங்கியில் இன்னொன்று. ஆக மூன்று, நான்கு பாஸ் புத்தகங்கள் இன்று ஒரு சாதாரண விவசாயியின் பெட்டியிலும் இருக்கின்றன.

இத்தனை இடத்திலும் அவரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "நீங்கள் யார்?" ஆதார் நகல், பான் கார்டு அல்லது அது இல்லாதவருக்குப் படிவம் 60, புதிய போட்டோ, கையெழுத்து. ஓர் இடத்தில் கொடுத்தது மற்ற இடத்தில் செல்லாது. நகல் எடுக்க ஆகும் செலவு பெரிதல்ல. பஸ் கட்டணமும், கெட்டுப்போகும் அரை நாள் வேலையும்தான் பெரிது. "சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டால் அரை நாள் ஒன்றரை நாளாகிவிடும். ஆள் பிடித்து நடவு செய்யும் காலத்தில் அதன் மதிப்பு என்ன என்பது வயலில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

முன்பு இப்படி இல்லை. 1969-ம் ஆண்டில் 14 பெரிய வங்கிகள் தேசியமயமான பிறகு கிராமங்களில் கிளைகள் வந்தன. கணக்குத் தொடங்க வேண்டுமானால் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர் என்பதே அத்தாட்சி. வங்கியின் விவசாய அதிகாரி மோட்டார் சைக்கிளில் வயலுக்கே வருவார். கிணற்றைப் பார்ப்பார், மாட்டைப் பார்ப்பார், அப்பாவின் பெயரைக் கேட்பார். அந்த முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. அறிமுகம் செய்ய ஆள் கிடைக்காத கூலிக்காரர் வெளியிலேயே நின்றார். பெரிய மனிதர் தயவு இருந்தால் இல்லாத ஆளுக்கும் கணக்குத் திறக்க முடிந்தது. ஆகவே பழைய காலமே திரும்ப வேண்டும் என்று சொல்வதில் நியாயம் இல்லை.

கள்ளப் பணத்தைத் தடுப்பதற்கான சட்டம் 2002-ம் ஆண்டில் இயற்றப்பட்டு 2005 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் யார் என்று ஆவணங்களைக் கொண்டு உறுதி செய்ய வேண்டிய பொறுப்பு அதன்படி ஒவ்வொரு வங்கியின் மீதும் விழுந்தது. கே.ஒய்.சி. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கள்ளப் பணத்தைப் பதுக்க நினைப்பவருக்கும், நெல் விற்ற பணத்தைப் போட வருபவருக்கும் ஒரே படிவம்.

ஒவ்வொரு வங்கியும் தனித்தனியே இதைச் செய்வது வீண் வேலை என்பதை அரசும் உணர்ந்தது. அதன் பயனாக 2016 ஜூலையில் மத்திய கே.ஒய்.சி. பதிவகம் வேலை தொடங்கியது. சொத்து அடமானங்களைப் பதிவு செய்வதற்காக 2011-ல் வந்த செர்சாய் என்ற மத்திய நிறுவனத்திடமே இந்தப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டது. அது வேலை செய்யும் விதம் எளிது. ஒருவர் முதன்முதலாக ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கும்போது கொடுக்கும் ஆவணங்களையும் போட்டோவையும் அந்த வங்கி பத்து நாளுக்குள் கம்ப்யூட்டர் வழியாகப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அதே ஆள் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறாரா என்று பதிவகம் ஒப்பிட்டுப் பார்த்து, 14 இலக்க எண் ஒன்றை வழங்குகிறது. அவர் அடுத்த வங்கிக்குப் போனால், அந்த எண்ணைக் கொண்டு அந்த வங்கி விவரங்களை எடுத்துக் கொள்ளலாம். நகல் எடுக்க ஓட வேண்டியதில்லை.

2024 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. வாடிக்கையாளரிடம் எண்ணைக் கேட்க வேண்டும், அல்லது பதிவகத்திலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டும். விவரத்தில் மாற்றம் இருந்தாலோ, பதிவு குறையுள்ளதாக இருந்தாலோ, வங்கிக்குத் தேவையான வேறு சில காரணங்கள் இருந்தாலோ தவிர, அதே ஆவணங்களை மறுபடி கேட்கக் கூடாது.

உத்தரவு நல்ல உத்தரவு. ஆனால் இந்த 14 இலக்க எண் தனக்கு இருக்கிறது என்பது எத்தனை விவசாயிகளுக்குத் தெரியும்? கணக்குத் தொடங்கிய புதிதில் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும். ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்திருப்பார்கள். அந்த செல்போன் எண்ணும் இப்போது மாறியிருக்கும். எண் தெரியாதவர் எப்படிக் கேட்பார்? கேட்காதவரிடம் கவுண்டரில் இருப்பவர் நகல் கேட்பதுதான் சுலபம். அந்த ஊழியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தவறான ஆளுக்குக் கணக்குத் திறந்துவிட்டால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது அவருடைய வங்கிதான். பதிவகத்தில் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. எனவே தன் கையில் ஒரு நகல் இருக்கட்டும் என்று நினைக்கிறார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது பெயர்.

பதிவகத்தின் படிவத்தில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. தமிழனுக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுத் தன் பெயரை எழுதுவதுதான் இங்கே வழக்கம். கு.முருகேசன் என்பவர் ஆதாரில் முருகேசன் குப்புசாமி ஆகிறார். வாக்காளர் அட்டையில் வெறும் முருகேசன். தகப்பனார் பெயர் அடுத்த வரியில். பான் கார்டில் குப்புசாமி முருகேசன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் அலுவலகத்தில் ஓர் எழுத்துக் கூடும், இன்னோர் அலுவலகத்தில் ஓர் எழுத்துக் குறையும். பெண்களின் நிலை இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின் கணவர் இனிஷியல். பட்டாவோ பாட்டனார் பெயரிலேயே இருக்கும், அல்லது பங்காளிகள் ஐந்து பேர் சேர்ந்த கூட்டுப்பட்டாவாக இருக்கும். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஜனவரி முதல் தேதி என்று எழுதிவிட்ட அட்டைகளும் நிறைய உண்டு.

ஊரில் யாரைக் கேட்டாலும் எல்லாம் ஒரே முருகேசன்தான் என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று பேர். குடும்ப அட்டையைக் காட்டினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கே.ஒய்.சி.க்கு ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில் குடும்ப அட்டை கிடையாது. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்றவையே செல்லும்.

பொதுப் பதிவேட்டின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. ஒரு வங்கி விவரத்தைத் திருத்திப் பதிவகத்துக்கு அனுப்பினால், அந்த வாடிக்கையாளரோடு தொடர்புள்ள மற்ற எல்லா வங்கிகளுக்கும் பதிவகம் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. ஓர் இடத்தில் விலாசத்தை மாற்றினால் நாலு இடத்திலும் மாறும். பெரிய சௌகரியம்தான். ஆனால் ஓர் இடத்தில் அவசரத்தில் தப்பாக அடித்த எழுத்தும் அதே வழியில் நாலு இடத்துக்கும் போய்ச் சேரும். ஏரி பொதுவாக இருந்தால் எல்லா வயலுக்கும் தண்ணீர் பாயும். உப்புத் தண்ணீர் கலந்தால் எல்லா வயலும் கெடும். தனித்தனிக் கிணறாக இருந்தபோது ஒருவர் கிணற்றோடு போயிற்று. ஆகவே பொது ஏரிக்கு மதகு பார்க்கும் ஆள் எப்படி அவசியமோ, அப்படிப் பொதுப் பதிவேட்டுக்குத் திருத்தம் செய்யும் இடம் அவசியம். பதிவகத்துக்குக் கிராமத்தில் அலுவலகம் கிடையாது. பிழையைச் சரி செய்யக் கணக்கு உள்ள வங்கிக்குத்தான் போக வேண்டும். பிழை செய்தது எந்த வங்கி என்பதே பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது.

இதற்காகப் பொதுப் பதிவேடே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. 2021-ம் ஆண்டில் தமிழ்நாட்டுக் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, ஒரே ஆள் பெயரில் ஏராளமான கடன்கள் இருந்தது ஆய்வில் வெளிவந்தது. தனித்தனி நோட்டுப் புத்தகமாக இருக்கும் வரை இத்தகைய மோசடி கண்ணில் படாது. அதன் சுமை நேர்மையாக ஒரு கடன் வாங்கியவர் தலையில்தான் கடைசியில் விழுகிறது. பணக்கார நாடுகளிலும் இதை முயன்று பார்த்தார்கள். சிங்கப்பூரில் வங்கிகளுக்குப் பொதுவான ஏற்பாடு ஒன்று, செலவு கட்டுபடியாகாது என்று 2018-ல் கைவிடப்பட்டது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் பக்கத்தில் ஆறு வங்கிகள் சேர்ந்து தொடங்கிய கம்பெனியும் 2022-ல் மூடப்பட்டது. இந்தியாவில் சட்டத்தின் பலத்தோடு ஒரு பதிவகம் நிற்கிறது என்பது குறைந்த சாதனை அல்ல. நிற்கிறது, விவசாயிக்குப் பயன்படுகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் புதுப்பிக்கும் விஷயத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. சாதாரண வாடிக்கையாளர் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன் தன் திட்டத்தின் கணக்குகளுக்கு அந்தப் பத்தாண்டு 2024 முதல் முடியத் தொடங்கியது. உதவித் தொகை வரும் கணக்குகளிலேயே பாக்கி அதிகம் என்று ரிசர்வ் வங்கியே குறிப்பிட்டது. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊராட்சிகளில் முகாம்கள் நடத்தப்பட்டன. 2025 ஜூனில் விதிகளும் தளர்த்தப்பட்டன. விவரத்தில் மாற்றம் ஏதும் இல்லை என்றாலோ, விலாசம் மட்டும் மாறியிருந்தாலோ, வங்கியின் கிராமப் பிரதிநிதியிடமே எழுதிக் கொடுக்கலாம். கெடுவுக்கு முன் மூன்று முறை அறிவிப்புத் தர வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். கெடு கடந்த பிறகும் அப்படியே மூன்று முறை. சாதாரண வாடிக்கையாளரின் கணக்கைக் கெடு முடிந்த நாளிலேயே நிறுத்திவிடக் கூடாது; ஓராண்டு அல்லது 2026 ஜூன் 30, இதில் எது பிந்தியதோ அதுவரை அவகாசம் தர வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

இந்த ஏற்பாடுகள் அவகாசம் தருகின்றன, நோயைத் தீர்க்கவில்லை. பொதுப் பதிவேடு சரியாக இருந்தால் ஒரு கிழவி தன் பணத்தை எடுக்க நாலு வங்கிகளில் நாலு முறை தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டியதில்லை. களையெடுத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்பதால்தானே பிரதமர் உதவித் திட்டத்துக்கு 2023-ல் முகத்தைப் படம் பிடித்து உறுதி செய்யும் வசதி வந்தது? அந்த ஒரு திட்டத்துக்குச் செய்ய முடிந்த இரக்கம் வங்கிகளுக்கு ஏன் முடியாது?

திருத்தத்துக்கு ஏற்ற இடம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான். சங்கச் செயலாளருக்கு முருகேசனையும் தெரியும், குப்புசாமியையும் தெரிந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் நேரடிக் கட்டுப்பாட்டில் வராத அமைப்பு என்பதால் சங்கம் தானாகப் பதிவகத்தில் எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியின் பிரதிநிதியாக இருந்து மனுவை வாங்கி, சான்றுகளைச் சரி பார்த்து அனுப்பத் தடை என்ன? சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்க 2022-ல் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒப்புதல் பெற்றது. உர மூட்டைக் கணக்குப் பார்க்க மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் போதாது.

இதற்கிடையில் விவசாயிகள் செய்து கொள்ளக் கூடியவை சில உண்டு. ஆதார், பான், வாக்காளர் அட்டை மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கவும். வேறுபாடு இருந்தால் முதலில் ஆதாரைச் சரி செய்து, அதையொட்டி மற்றவற்றை மாற்றுவது நல்லது. கணக்குள்ள கிளையில் "என் கே.ஒய்.சி. பதிவு எண் என்ன?" என்று கேட்டு வாங்கிக் கொள்ளவும். செல்போன் எண் மாறினால் அன்றே வங்கியில் சொல்லவும். "கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, கணக்கு நின்றுவிடும்" என்று போனில் யாராவது மிரட்டினால் ஓ.டி.பி. எண்ணைச் சொல்ல வேண்டாம், அனுப்பும் இணைப்பைத் தொடவும் வேண்டாம். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி நெல் விற்ற பணத்தை இழந்தவர்கள் உண்டு.

பதிவகத்தைப் புதுப்பித்து அமைக்கப் போவதாக 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. புதுப்பிப்பவர்கள் பெயருக்கு மூன்று கட்டம் போடாமல், இனிஷியலும் தகப்பனார் பெயரும் ஒன்றே என்று புரிந்து கொள்ளும்படி அமைக்கட்டும். பிழை இருந்தால் எந்த வங்கி அனுப்பியது என்பதை வாடிக்கையாளருக்குத் தமிழில் சொல்லட்டும். அந்த 14 இலக்க எண்ணையும் எங்கேயோ ஒளித்து வைக்க வேண்டாம். பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கணக்கு எண்ணும், கிளையின் ஐ.எப்.எஸ்.சி. எண்ணும் அச்சாகின்றன. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.